விலங்கு உருவங்களுக்குக் காகிதத் தையல் ஏற்றதா?

சிறு துணித் துண்டுகளை இணைத்து மேல்விரிப்பாக்கி, அதனடியில் பஞ்சு விரிப்பும் உள்துணியும் வைத்து மூன்றையும் சேர்த்துத் தைப்பது குயில்ட். அந்த மேல்விரிப்பில் நரி, ஆந்தை, யானை என்று விலங்குகளைத் தைக்கப் பலரும் நாடுவது ‘ஃபவுண்டேஷன் பேப்பர் பீசிங்’ என்னும் காகிதத் தையல். அமெரிக்காவின் கேரல் டோக் 1994இல் வெளியிட்ட ‘ஈஸி மெஷின் பேப்பர் பீசிங்’ போன்ற நூல்கள் இதைச் சாதாரணத் தையல்காரர்களிடம் கொண்டு சேர்த்தன. எவ்வளவு நுணுக்கமான உருவத்தையும் புதியவர்கூடப் பிசிறின்றித் தைக்கலாம் என்பது இதற்குச் சொல்லப்படும் பெருமை. தையல் பிசிறின்றி வருவது உண்மைதான். தைத்து முடித்தது நல்ல விலங்காக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் தனித்தனியே எடைபோட வேண்டும்.

வழக்கமான ஒட்டுத்தையலில் முதலில் வெட்டுகிறோம், பிறகு தைக்கிறோம். பறவையின் அலகு போன்ற கூர்மையான சிறு துண்டு, தைப்பதற்குள் கையிலேயே இழுபட்டு அளவு மாறிவிடும். காகிதத் தையல் இந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. உருவமும் துண்டுகளைத் தைக்கும் வரிசை எண்ணும் அச்சிட்ட காகிதத்தின் பின்புறம் சற்றுப் பெரிய துண்டை வைத்து, முன்புறக் கோட்டின் மேல் தைத்து, அதன் பிறகே கால் அங்குல மார்ஜின் விட்டு வெட்டுகிறோம். துணி காகிதத்தோடு பிணைந்திருப்பதால் கிராஸாக அமைந்த துண்டும் நெளிவதில்லை. தையலின் நீளத்தை ஒன்றரை மில்லிமீட்டராகக் குறைத்து, 14ஆம் எண் ஊசி போட்டால் கடைசியில் காகிதம் தையலோரமாகவே கிழிந்து வந்துவிடும். முள்ளெலியின் முள், நரியின் காது நுனி, கொக்கின் அலகு என்று கூர்மையே அடையாளமாக உள்ள உறுப்புகளை இவ்வளவு சுத்தமாகத் தரும் வேறு மெஷின் முறையை நான் அறியேன்.

ஆனால் இதற்கொரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு தையலும் நேர்கோடாக இருக்க வேண்டும். புதிய துண்டு முந்தைய தையலின் முனையை மூடியாக வேண்டும். அதனால் ஒரே விலங்கைப் பல பகுதிகளாகப் பிரித்துத் தைத்து, பிறகு அவற்றை இணைக்கிறார்கள். அந்த இணைப்பில் காகிதம் மட்டும் காப்பாற்றாது. மூலைக்கு மூலை குண்டூசி குத்திச் சரிபார்க்க வேண்டும். இணைப்புக் கோடு கண்ணையோ வாயையோ குறுக்கே வெட்டினால், சிறு பிசகும் முகத்தைக் கோணலாக்கிவிடும். அப்படிக் கோடு போட்ட பேட்டர்னைச் சோம்பலான வரைவு என்றே சொல்வேன்.

அடுத்த சிக்கல் வளைவு. பூனையின் முதுகு நேர்கோடுகளாக உடைகிறது. அது வழுவழுப்பாகத் தெரிய வேண்டுமென்று துண்டுகளைக் கூட்டினால் துணிக் கணக்கு ஏறும். தைத்து முடித்தபின் 1 அங்குலச் சதுரமாகத் தெரிய, மார்ஜினோடு 2.25 சதுர அங்குலத் துணி வேண்டும். அதே இடத்தில் நான்கு அரை அங்குலச் சதுரங்கள் வைத்தால் 4 சதுர அங்குலம் ஆகும். தெரியும் துணியைப் போல மூன்று மடங்கு உள்ளே மடிந்து கிடக்கும். வெட்டி எறியும் துண்டுகள் இந்தக் கணக்கில் சேராதவை. அந்தத் தடிப்பில் கை ஊசி எளிதில் இறங்காது. போர்வையும் குழையாமல் விறைக்கும்.

பலர் கவனிக்காத குறை ஒன்றும் உண்டு. இம்முறையில் மார்ஜின் எப்போதும் புதிதாகச் சேரும் துண்டின் அடியில் படியும். நரியின் ஆரஞ்சு முகத்துக்குப் பிறகு வெள்ளைக் கன்னம் வருமாறு எண் போட்டிருந்தால், வெள்ளைக்கு அடியில் ஆரஞ்சு நிழலாடும். வெள்ளையை முன்னதாகத் தைக்கும்படி வரிசை அமைக்கலாம். முடியாத இடத்தில் ஆரஞ்சு மார்ஜினைச் சற்றுக் குறைத்து வெட்டலாம். இதை யோசித்து எண் போட்டவரே பேட்டர்ன் வரையத் தெரிந்தவர்.

மாற்று வழிகளோடு ஒப்பிடுவோம். போர்ட்லண்டைச் சேர்ந்த எலிசபெத் ஹார்ட்மனின் ‘ஃபேன்ஸி ஃபாரஸ்ட்’ பேட்டர்ன் காகிதமே இல்லாமல் நரி, முள்ளெலி, முயல், ஆந்தை ஆகியவற்றைத் தருகிறது. சதுரமும் செவ்வகமும் வெட்டி, மூலைகளைச் சாய்வாகத் தைத்து மடித்தால் போதும். ஒரே விலங்கை வரிசை வரிசையாக அடுக்கும் விரிப்புக்கு அதுவே மேல்: வேகமாகத் தைக்கலாம், காகிதம் கிழிக்கும் வேலையும் இல்லை. வளைவுக்கு, உருவத்தை வெட்டித் துணிமேல் வைத்துத் தைக்கும் அப்ளிக் முறைதான் சரி. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் 1880களில் தைத்த பைபிள் குயில்ட், இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் விலங்குகள் துணியில் கத்தரித்து மேலே வைத்துத் தைத்தவை. அவருடைய கத்தரி திரும்பிய திருப்பமெல்லாம் அவற்றின் உடம்பில் தெரிகிறது. அந்த உயிர்ப்பைக் காகிதத் தையலிடம் எதிர்பார்க்க முடியாது.

ஆனாலும் காகிதத் தையலுக்குத் தனக்கென்று ஓர் அழகு உண்டு. வயலெட் கிராஃப்ட்டின் ‘அப்ஸ்ட்ராக்ஷன்ஸ்’ பேட்டர்ன் வரிசையில் யானை, சிங்கம் ஆகியவற்றின் முகங்கள் பெரிய கோணத் துண்டுகளாகவே நிற்கின்றன. வளைவைப் போல நடிக்கும் முயற்சி அங்கே இல்லை. வெளிர், நடுத்தரம், அடர்த்தி என்று நிறம் மாறும் இடங்களிலேயே எலும்பும் தசையும் புலப்படுகின்றன. எண்ணைப் பார்த்துத் தைப்பதில் கலை எங்கே என்று கேட்பவர்களுக்கும் பதில் இங்கே கிடைக்கும்: எந்தத் துணி எந்த இடத்துக்கு என்ற தேர்வு முழுக்கத் தைப்பவருடையது.

என் முடிவு இது. கூர்மையும் தட்டையான பரப்புகளும் கொண்ட விலங்குகளுக்கு, தனிச் சதுரமாகவோ (பிளாக்) சுவரில் தொங்கவிடும் குயில்ட்டாகவோ தைக்கும்போது, காகிதத் தையலே முதல் தேர்வு. உருண்டு குழைந்த உடல்களுக்கும், தினமும் துவைத்துப் புழங்கும் குழந்தைப் போர்வைக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பேட்டர்ன் வாங்குவோர் துண்டுகளின் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம்; குறைந்த தையலில் விலங்கை அடையாளம் காட்டுவதே நல்ல வரைவு. ஒரு பிளாக்கை மட்டும் முதலில் தைத்து, நாலடி தள்ளி வைத்துப் பாருங்கள். சொல்லாமலே விலங்கு தெரிந்தால் மீதித் துணியை வெட்டுங்கள்.