காரை ஓட்டுகிறவள்

பங்குச் சந்தையில் பணம் போடுகிறவர்களுக்கு ‘ஸ்டாப் லாஸ்’ பழகிய சொல். விலை இந்த அளவுக்குக் கீழே இறங்கினால் விற்றுவிடு, அதற்குமேல் நட்டப்படாதே என்று முன்கூட்டியே போட்டுவைக்கும் உத்தரவு. அமெரிக்க ராணுவத்தில் இதே சொல்லுக்கு நேரெதிரான பொருள்: கையைவிட்டுப் போகவிடாதே. ஒப்பந்தக் காலம் முடிந்து வீட்டுக்குப் போகவேண்டிய சிப்பாயை அவர் சம்மதம் கேட்காமலே நிறுத்திவைப்பதற்குப் பெயர் அது. உயிரோடு வீடு திரும்புகிறவர் அந்தக் கணக்கில் ‘இழப்பு’. யாருக்கு இழப்பு என்ற கேள்வியோடுதான் கிம்பர்லி பியர்ஸ் இயக்கிய ‘ஸ்டாப்-லாஸ்’ (2008) படத்தை நான் பார்த்தேன்.

சட்டப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கட்டாய ராணுவ சேவை 1973இல் முடிவுக்கு வந்தபின் அமெரிக்கப் படை, விரும்பிச் சேருகிறவர்களின் படை. ஆனால் அவர்கள் கையெழுத்திடும் ஒப்பந்தத்திலேயே, போர் வந்தால் சேவைக்காலம் நீளும் என்ற பிரிவு உண்டு. விடுவிப்பு விதிகளை நிறுத்திவைக்கும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கும் உண்டு. 1990இல் வளைகுடாப் போருக்காக அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தினார்கள். 2001 செப்டம்பருக்குப் பிறகு மறுபடியும். ‘பின்வாசல் வழியாகக் கட்டாய ஆள்சேர்ப்பு’ என்று 2004 தேர்தலில் ஜான் கெர்ரி இதைச் சாடினார். ஆரிகன் மாநில தேசியக் காவல் படையின் சார்ஜென்ட் ஒருவருக்கு 2004இல் முடியவேண்டிய சேவை, ஆவணத்தில் 2031 என்று மாறியது. அவர் வழக்குப் போட்டார்; 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

‘பாய்ஸ் டோன்ட் க்ரை’ (1999) எடுத்த பியர்ஸுக்கு இந்த விஷயம் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. அவருடைய தம்பி ராணுவத்தில் சேர்ந்து ஈராக் போனவர். ஆண்மை என்பது எப்படிக் கற்றுக்கொடுக்கப்படுகிறது, அது தவறும்போது எப்படித் தண்டிக்கப்படுகிறது என்பதில் பியர்ஸின் கண் கூர்மையானது. டெக்சஸின் சிற்றூர் ஒன்றுக்குத் திரும்பும் மூன்று நண்பர்கள். பிரண்டனுக்கு விடுதலை நாள். பொருள்களை ஒப்படைக்கப் போன இடத்தில்தான் மறுபடியும் ஈராக் என்று சொல்கிறார்கள். அவன் ஓடுகிறான். ஸ்டீவ் ஊர் வந்த முதல் இரவே குடித்துவிட்டு, தனக்கு நிச்சயமான மிஷெலை அடிக்கிறான்; வீட்டு முற்றத்தில் பதுங்குகுழி தோண்டுகிறான். டாமி தன் கல்யாணப் பரிசுகளை வரிசையாக வைத்துச் சுடுகிறான். படத்தின் உச்சம் எனக்கு இந்தக் காட்சிதான். பிரித்துப் புழங்கவேண்டிய வீட்டுச் சாமான்கள் இலக்குப் பலகையாகிவிடுகின்றன. போர் வீட்டுக்குள் வந்துவிட்டதை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது.

ஆனால் மிஷெல் விஷயத்தில் படத்தோடு எனக்குச் சண்டை இருக்கிறது. ஸ்டீவ் அவளிடம் கேட்காமலே ராணுவத்தில் தொடர முடிவெடுக்கிறான். காத்திருந்தது போதும் என்று அவள் உறவை முறிக்கிறாள். அதற்குப் பிறகு அவளுக்குப் படம் தரும் வேலை, பிரண்டனைக் காரில் ஏற்றிக்கொண்டு போவது. வழிநெடுக அவள் காயம் பார்க்கிறாள், கேட்கிறாள், பொறுத்துக்கொள்கிறாள். அவளுடைய கோபம் எங்கே போனது? காத்திருந்த அந்த வருடங்களில் அவள் என்ன செய்தாள், எதைத் தள்ளிப்போட்டாள்? ஒரு காட்சிகூட இல்லை. கடைசியில் மெக்சிகோ எல்லைவரை அவளும் பிரண்டனின் அம்மாவும் கூடவே வருகிறார்கள். பிள்ளை தப்பித்தால் போதும் என்று நினைக்கிற அம்மா அவர். அங்கே வந்து நின்றபிறகு, ஓடிப்போனால் தன்னோடு தானே வாழமுடியாது என்று பிரண்டன் முடிவு செய்கிறான். அடுத்து நாம் பார்ப்பது பேருந்தில் நண்பர்கள் இருவரை. சட்டம் பிடித்து இழுக்கவில்லை. தோழர்களை விட்டுவந்த கூச்சம் இழுத்துப் போகிறது. ஆண்மை என்ற சங்கிலி இருக்கும்வரை இந்த உத்தரவுக்குப் பெரிய காவல் தேவையில்லை என்று பியர்ஸ் காட்டியது அசலான கண்டுபிடிப்பு. அந்தச் சங்கிலியின் இன்னொரு நுனி யார் கழுத்தில் கிடக்கிறது என்பதைத்தான் படம் பார்க்கவில்லை.

சேவை நீட்டிப்பு ஒரு மனிதனை மட்டும் பறிப்பதில்லை, ஒரு தேதியைப் பறிக்கிறது. வீட்டில் இருக்கிறவள் அந்தத் தேதியை நம்பித்தான் வாடகை ஒப்பந்தம் போடுகிறாள், படிப்பைத் தொடரலாமா, பிள்ளை பெறலாமா என்று யோசிக்கிறாள். 2007 ஏப்ரலில் ராணுவத்தின் பணிச்சுற்றையே 12 மாதத்திலிருந்து 15 மாதமாக்கினார்கள். மூன்று மாதம் என்பது காகிதத்தில் சின்ன எண்.

படத்தில் தடுத்துவைக்கப்படுகிற பெண் சிப்பாய் யாரும் இல்லை. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்கள் பணியாற்றினார்கள். இந்த உத்தரவு அவர்களுக்கும் பொருந்தும். தனியாகப் பிள்ளை வளர்க்கும் சிப்பாய், தான் இல்லாதபோது குழந்தையை யார் பார்ப்பார்கள் என்று ராணுவத்துக்கு எழுதிக்கொடுக்கவேண்டும். பெரும்பாலும் அந்த இடத்தில் ஒரு பாட்டியின் பெயர் இருக்கும் என்று ஊகிக்க ஆராய்ச்சி தேவையில்லை. மகளின் சேவைக்காலம் நீளும்போது பாட்டியின் சேவைக்காலமும் நீள்கிறது. அவரிடம் யாரும் ஒப்பந்தம் போடவில்லை, அதனால் மீறுவதற்கும் ஒன்றுமில்லை. ஈராக்கியப் பெண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்: பிரண்டனின் கெட்ட கனவுக்குள் வந்து போகும் உடல்கள் அவர்கள். திரும்ப அனுப்பப்படும் ஒவ்வொரு சிப்பாயும் யார் வீட்டுக் கதவை உதைக்கப் போகிறான் என்று படத்தில் ஒருவரும் கேட்பதில்லை.

2009இல் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் இந்த முறையைப் படிப்படியாகக் கைவிடுவதாக அறிவித்தார். தடுத்துவைக்கப்பட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் 500 டாலர் என்று முன்தேதியிட்ட இழப்பீடும் வந்தது. விண்ணப்பிக்க முடிந்தவர்கள்: சிப்பாய், அல்லது அவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசு. கல்யாணம் ஆகாத மிஷெல் இரண்டிலும் வரமாட்டாள்.