முன்தீர்ப்பின் வலிமையும் மெலிவும்: கோடீஸ்வரன் வழக்கு

ஒரு வழக்கில் நீதிமன்றம் கண்ட அடிநியாயம் பின்னர் எழும் ஒத்த வழக்குகளையும் ஆளும் என்பதே முன்தீர்ப்புக் கோட்பாடாகும். அது குடிமக்களுக்கு உறுதியை அளிக்கின்றது. நீதிபதியின் விருப்பு வெறுப்புகளுக்கு அணையிடுகின்றது. எனினும், முன்னோர் தவறியவிடத்துப் பின்னோரையும் தவறச் செய்யும் இயல்பும் அதற்குண்டு. இவ்விரு தன்மைகளும் ஒருங்கே புலப்படுவது, கொழும்பிலே தொடங்கி இலண்டன்வரை சென்ற கோடீஸ்வரன் வழக்கிலாகும்.

1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக்கிற்று. சிங்களத் தேர்ச்சி பெறாத அரசாங்க ஊழியருக்குச் சம்பள ஏற்றம் இல்லையெனத் திறைசேரிச் சுற்றுநிருபம் 1961இல் விதித்தது. தேர்வுக்குத் தோற்றாத தமிழ் எழுதுவினைஞரான கோடீஸ்வரனுக்கு 1962இல் ஏற்றம் மறுக்கப்பட்டது. அவர் கொழும்பு மாவட்ட நீதிமன்றில் வழக்கிட்டார். அச்சட்டம் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானதென நீதிபதி ஓ. எல். டி கிறெற்சர் 1964இல் தீர்ப்பளித்தார். உயர் நீதிமன்றமோ 1967இல், மொழி வினாவைத் தொடாமலே, சம்பளத்துக்காக அரசாங்க ஊழியர் முடியின்மீது வழக்கிட இயலாதெனக் கூறி அத்தீர்ப்பை மாற்றிற்று.

இத்தகைய கருத்து பிரித்தானிய முன்தீர்ப்புகளில் வேரூன்றியதாகும். ஊழியரை நினைத்தபோது நீக்க முடிக்கு உரிமையுண்டு. ஆதலின் ஊதியமும் முடியின் கொடையே என 1926இல் மல்வென்னா என்னும் ஸ்கொத்லாந்து வழக்கில் பிளாக்பேர்ண் பிரபு கொண்டார். 1943இல் லூக்காஸ் வழக்கு அதனைப் பின்பற்றிற்று. நீக்கும் உரிமை வேறு. செய்து முடித்த வேலைக்குரிய கூலியை மறுப்பது வேறு. இவ்வேற்றுமையைக் காணாத ஒரு முடிவு, பின்பற்றப்பட்டமையாலேயே சட்டமெனத் தோற்றம் பெற்றது. முன்தீர்ப்பின் மெலிவு இதுவாகும்.

1969இல் கோமறைக் கழகத்தின் சார்பில் டிப்ளொக் பிரபு அக்கொள்கையை வழுவெனத் தள்ளினார். ஒப்பந்தம்பற்றி முடியின்மீது வழக்கிடும் வழக்காறு இலங்கையில் நெடுங்காலம் நிலைபெற்றதென 1884இல் சைமன் அப்பு வழக்கு ஏற்றிருந்தது. அவ்வழக்காற்றின் வழியே ஊழியரின் உரிமை மீண்டது. பழைய தீர்ப்பொன்று எளியவனுக்குத் துணைநின்றமை முன்தீர்ப்பின் வலிமையாகும்.

ஆயினும் மீண்டது வழக்கிடும் உரிமை மட்டுமே. மொழிச் சட்டம் செல்லுமா என்னும் வினாவைக் கழகம் உயர் நீதிமன்றத்துக்கே திருப்பியது. 1971இல் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிந்தது; 1972இன் புதிய அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு இடம்பெறவில்லை. வினா விடையின்றியே மறைந்தது. தமிழும் அரசகரும மொழியானது 1987இன் 13ஆம் திருத்தத்தாலேயன்றி நீதிமன்றத் தீர்ப்பாலன்று.

தவறான முன்தீர்ப்பை மேல்மன்றம் திருத்தலாம். சொல்லப்படாத தீர்ப்பை எவரும் திருத்தவியலாது. ஆகவே, முன்தீர்ப்பு முறையின் பெருங்குறை பழமையைப் போற்றுவதன்று. முதன்மையான வினாவை நீதிமன்றம் தவிர்க்குமிடத்து, பின்வருவோர் பற்றிக்கொள்ள எதனையும் விட்டுச்செல்லாமையே ஆகும்.