சத்தம் ஒரு வழக்கு, புகை வேறு வழக்கு

பிடிபட்ட சைலன்சர்களைச் சாலையில் வரிசையாகக் கிடத்தி, மேலே ரோடு ரோலரை ஏற்றி நசுக்கும் படம் சில ஆண்டுகளாகவே பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. விசாகப்பட்டினம், புனே என்று ஊர்தான் மாறுகிறது. பார்க்கிறவர்களுக்கு மனம் குளிர்கிறது. நள்ளிரவில் ஒரு பைக் தெருவையே அதிரவைத்துப் போக, பாடுபட்டுத் தூங்கவைத்த கைக்குழந்தை அலறி எழுந்த வீடுகளில் அந்த ரோலருக்குக் கைதட்டு விழுவது இயல்பு. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் நசுக்கிய சைலன்சருக்குப் பதில் மறுவாரமே இன்னொன்று வாங்கி மாட்ட முடிகிறது என்றால், அந்த ரோலர் எதைத் தீர்த்தது? புகார் நியாயமானதா, சட்டம் போதுமானதா, நடவடிக்கை சரியான ஆள்மீது பாய்கிறதா என்று மூன்றையும் தனித்தனியாக எடை போட்டால்தான் பதில் கிடைக்கும்.

முதலில் புகார். பைக் என்றாலே ஆகாத பெரியவர்களின் எரிச்சல் இது என்று தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படித் தள்ளிவிட முடியாது. புதிய இருசக்கர வாகனம் ஓடும்போது எழுப்பும் ஒலிக்கு இந்தியாவில் உச்சவரம்பு உண்டு. 80 சிசி வரை 75 டெசிபல், 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80. டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்கில் அடங்காது. 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். காதுக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகக் கேட்கும். 150 சிசி பைக் ஒன்றில் சைலன்சரை மாற்றி, 77-ல் நிற்க வேண்டியது 95-ஐத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பதினெட்டுதானே என்று தோன்றும். ஆற்றல் கணக்கில் அது 63 மடங்கு. ஒழுங்கான 63 பைக்குகள் ஒன்றாகத் தெருவுக்குள் நுழைந்தால் எழும் ஒலியை ஒரே ஆள் எழுப்பிவிட்டுப் போகிறார்.

இந்த ஆளை ஒலி மாசு விதிகளால் பிடிக்க முடியுமா? 2000-ஆம் ஆண்டின் விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரையறுக்கின்றன. ஆனால் இவை சராசரி அளவுகள். இங்கேதான் பிசகு. வீட்டு ஜன்னலில் 85 டெசிபல் பதிவாகும்படி ஒரு பைக் 5 விநாடி கடந்து போகிறது என்று கொள்வோம். அந்த 5 விநாடியை எட்டு மணி நேர இரவில் பரப்பினால் அதன் பங்கு ஏறக்குறைய 47 டெசிபல்தான். ஊரின் இரவு இரைச்சல் ஏற்கெனவே 55-ல் இருந்தால், இதையும் சேர்த்து 55.7 ஆகும். ஒரு டெசிபல்கூட ஏறவில்லை. அறிக்கையைப் படிப்பவருக்கு அது மற்ற இரவுகளைப் போன்ற ஓர் இரவு. தெருவிலோ வரிசையாக விளக்கு எரியும். தூக்கத்தைக் கெடுப்பது திடீரென எழும் அந்த உச்சம். அது சராசரிக்குள் கரைந்துவிடுகிறது. புகார் கொடுப்பவர்கள் மிகைப்படுத்துவதாக அதிகாரிகள் நினைப்பதற்கும், அதிகாரிகள் பொய் சொல்வதாக மக்கள் நினைப்பதற்கும் பாதிக் காரணம் இந்தக் கணக்குதான். சாலைப் போக்குவரத்தின் இரவு நேர ஒலிக்கு, உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பியப் பகுதிக்காக 2018-ல் வெளியிட்ட வழிகாட்டியும் 45 என்றே சொல்கிறது. கெட்ட தூக்கம், ஏறும் ரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவை இதன் பின்னால் இருக்கின்றன. ஆகவே புகார் நியாயமானது. இதில் எனக்கு ஐயமில்லை.

எதிர்த்தரப்பு வாதங்களில் மிகவும் பேசப்படுவது பாதுகாப்பு. சத்தம் கேட்டால் லாரிக்காரன் ஒதுங்குவான், உயிர் தப்பும் என்கிறார்கள். அமெரிக்காவில் 1981-ல் வெளியான ஹர்ட் அறிக்கை மோட்டார் சைக்கிள் விபத்து ஆராய்ச்சியில் இன்றும் பேசப்படுவது. விபத்துக்குக் காரணமான ஆபத்து, நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட நேரங்களில், ஓட்டுபவருக்கு முன்புறத்திலிருந்தே வந்தது என்று அது கண்டது. சைலன்சரின் வாயோ பின்னால் பார்த்திருக்கிறது. எதிரே திரும்பும் கார்க்காரருக்குச் சத்தம் கடைசியாகத்தான் போய்ச் சேரும். கடந்து வந்த தெருவுக்கு முழுதாகக் கேட்கும். இந்த வாதம் நிற்காது.

ரசனை என்ற வாதத்தை நான் அவ்வளவு எளிதில் ஒதுக்க மாட்டேன். 1985-ல் வந்து 1996 வரை தயாரான யமஹா ஆர்எக்ஸ் 100-ன் குரலையும், புல்லட்டின் தாளத்தையும் காதலிக்கிற ஒரு தலைமுறையே இருக்கிறது. அந்தக் காதல் உண்மையானது. ஆனால் ஆர்எக்ஸ் 100-ன் ஒலி அதன் சைலன்சர் வடிவத்திலேயே கட்டப்பட்டது. டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் அந்தக் குழாயின் வயிறு அகன்று பிறகு குறுகுவதே, வெளியேறப் பார்க்கும் எரியாத பெட்ரோலை அழுத்த அலையால் திருப்பி உள்ளே தள்ளத்தான். அதைக் கழற்றிவிட்டு வெறுங்குழாய் போட்டால் சத்தம் கூடும், இழுவை குறையும். உண்மையான ரசிகர் அதில் கை வைக்க மாட்டார். இன்று புல்லட்டுக்குப் பஞ்சாப், இந்தோரி, டால்ஃபின் என்று பெயர் சொல்லி வாங்கி மாட்டுகிறவர்கள் பலரும் வேண்டுவது, தெரு திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதை. வேண்டட்டும். ஆனால் திரும்பிப் பார்க்கச் சம்மதிக்காதவர்களின் தூக்கம் அதற்குக் கட்டணமாகப் போகக் கூடாது.

கனமான வாதம் ஒன்றே ஒன்றுதான், அது விலை. பி.எஸ்-6 மாசு வரம்புக்கு ஏற்பத் தயாரான பைக்குகள் பலவற்றில் அசல் சைலன்சருக்குள் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது; அதில் விலை உயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன. கீழே விழுந்து நசுங்கியோ துருப்பிடித்து ஓட்டையாகியோ போனால், கம்பெனி பாகத்தின் விலை தினக்கூலிக்காரரை மலைக்க வைக்கும். அவர் டூப்ளிகேட் வாங்குகிறார். அது சத்தம் போடுகிறது. சத்தம் அவர் விரும்பி வாங்கியது இல்லை. இந்த மனிதருக்குத் தீர்ப்பில் தனி இடம் வேண்டும்.

அடுத்தது சட்டம். ஓட்டுபவரைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமில்லாத அளவுக்கு இருக்கிறது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி உரிமையாளர் வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், ஜெயச்சந்திரா வழக்கு என்பார்கள், உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை மேலும் இறுக்கியது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி விதிமீறிய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம். ஒலி, காற்று மாசு அளவை மீறினால் 190(2) பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம். ஓட்டுநர் உரிமத்துக்கும் மூன்று மாதத் தடை. இதற்கு மேல் கடுமை எதற்கு?

இல்லாதது அளவுகோல். நடுரோட்டில் நிற்கும் காவலரிடம் பெரும்பாலும் ஒலிமானி கிடையாது. காதால் கேட்டு, கண்ணால் பார்த்து, ‘மாற்றிய சைலன்சர்’ என்று முடிவு செய்கிறார். பளபளப்பான குழாய் பிடிபடுகிறது. அசல் குழாயின் உள்தடுப்பை வெட்டி எடுத்துவிட்டு வெளியே பழையபடி பற்றவைத்தது தப்பிவிடுகிறது. ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் 2020 முதல் சில மலைச்சாலைகளில், நின்ற நிலையில் 95 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும் மோட்டார் சைக்கிள்களுக்குக் கோடைக்காலத் தடை இருக்கிறது. அங்கே அது நடைமுறைக்கு எளிது. ஏனென்றால் நின்ற நிலை ஒலியளவு வண்டியின் பதிவுச் சான்றிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. காவலர் தாளைப் பார்த்தால் போதும். நம்மிடமும் ஓர் எண் இருக்கிறது. வண்டி வாங்கும்போது தயாரிப்பாளர் தரும் படிவம் 22-ல் 2017 ஏப்ரல் முதல் ஒலியளவையும் குறிப்பிட வேண்டும். ஆனால் அது ஓடிக் கடக்கும்போது சோதனைத் தடத்தில் அளக்கும் ஒலி. நிறுத்திவைத்த பைக்கின் பக்கத்தில் நின்று அதை ஒப்பிட முடியாது. எண் இருந்தும் சாலையில் பயன்படாத நிலை இது.

கண்ணால் பார்த்துப் பிடிப்பது எவ்வளவு பலவீனமானது என்பதை அறிய மெக்கானிக் கடையில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். வெளியில் வாங்கும் சைலன்சர்கள் பலவற்றின் பின்வாயில் ‘டிபி கில்லர்’ என்ற சிறிய குழாய் செருகியிருக்கும். ஒரு சாணுக்கும் குறைவான நீளம், சுற்றிலும் துளைகள், அதைப் பிடித்திருப்பது ஒரே ஒரு ஆலன் போல்ட். போல்ட்டைக் கழற்றிவிட்டு பிளையரால் இழுத்தால் கரி படிந்து கையோடு வந்துவிடும்; பைக்கின் குரல் அந்த நிமிடமே மாறிவிடும். “அண்ணே, செக்கிங்னா என்ன பண்றது?” என்று பையன் கேட்பான். “சீட்டுக்கு அடியில போட்டு வை தம்பி, முன்னாடியே ஓரங்கட்டி மாட்டிக்க” என்று பதில் வரும். சாலைச் சோதனையை மட்டும் நம்பும் சட்டத்தைத் தோற்கடிக்க ஓர் ஆலன் சாவி போதும்.

அந்தப் பையனுக்கு அதை விற்றவர் எங்கே? சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் உதிரிபாகச் சந்தைகள் பட்டப்பகலில், கூட்டத்தோடு நடக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி நேர்மையான வியாபாரம்; அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ‘பந்தயத்துக்கு மட்டும்’ என்று ஓரத்தில் அச்சடித்த பெட்டியை, பந்தயத் தடத்தின் திசையே தெரியாத கல்லூரி மாணவருக்கு விற்பதைத் தட்டிக் கேட்க ஆளில்லை. வாகன விற்பனையாளர் விதிமீறி வாகனத்தை மாற்றி விற்றாலும், முக்கியப் பாதுகாப்புப் பாகம் என்று அரசு அறிவித்த பொருளை யாராவது தரக்குறைவாக விற்றாலும் 182ஏ பிரிவு ஓராண்டுச் சிறை, ஒரு லட்ச ரூபாய் அபராதம் வரை போகிறது. பெட்டியில் வைத்து சைலன்சர் விற்கும் கடைக்காரர் இந்த இரண்டு வாசகங்களிலும் எளிதில் சிக்க மாட்டார். மாட்டியவருக்கு அபராதம், விற்றவருக்கு லாபம் என்றிருக்கும்வரை ரோடு ரோலர் கடைக்காரரின் அடுத்த விற்பனைக்குத்தான் வழி செய்கிறது.

புகைக்கு வருவோம். சத்தத்தோடு சேர்த்துப் பேசியே இதைக் குழப்பிவிட்டோம். கன்வெர்ட்டர் வளைகுழாயில் இருக்கும் பைக்கில் பின்பகுதியை மட்டும் மாற்றும் ‘ஸ்லிப்-ஆன்’ காதைப் பிளக்கலாம். காற்றை அவ்வளவாகக் கெடுக்காது. ‘ஃபுல் சிஸ்டம்’ மாற்றினால் கன்வெர்ட்டரே போய்விடும்; கண்ணுக்குப் புகை தெரியாமலே நச்சு கூடும். கறும்புகை தள்ளும் டிப்பர் லாரியிலும் தண்ணீர் லாரியிலும் பெரும்பாலும் யாரும் எதையும் ‘மாடிஃபை’ செய்திருக்க மாட்டார்கள். அடைத்த ஏர் ஃபில்டர், தேய்ந்த இன்ஜெக்டர், அளவு மீறிய பாரம், இழுவைக்காகத் திருகிவிட்ட பம்ப் ஆகியவைதான் காரணம். நீலப்புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள். இவை பராமரிப்புக் குற்றங்கள். விடலைகளின் பைக் கண்ணை உறுத்துகிறது என்பதற்காக இவற்றைப் பின்னுக்குத் தள்ளுவது நுரையீரலுக்குச் செய்யும் அநீதி.

டீசலில் வேண்டுமென்றே செய்யும் குற்றமும் உண்டு. அது சத்தமே போடாது. பி.எஸ்-6 டீசல் கார்களில் நுண்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. நகருக்குள்ளேயே ஓடினால் அது அடைத்து எச்சரிக்கை விளக்கு எரியும். அதை நீக்கிவிட்டு, புகையின் ஒரு பகுதியை மறுபடி என்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர்-ஐயும் அடைத்து, மடிக்கணினியால் என்ஜினின் மென்பொருளை ‘ரீமேப்’ செய்து கொடுக்கும் பட்டறைகள் இருக்கின்றன. இதன் விளைவு எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு அமெரிக்கக் கணக்கு இருக்கிறது. ஏறக்குறைய பத்தாண்டுகளில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் நீக்கப்பட்டன என்றும், அவற்றின் ஆயுளில் 5,70,000 டன்னுக்கு மேல் நைட்ரஜன் ஆக்சைடு கூடுதலாக வெளியேறும் என்றும் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை 2020-ல் மதிப்பிட்டது. அங்கே வேண்டுமென்றே கறும்புகையைப் பொழிந்து சைக்கிள்காரர்மீது வீசுகிற ‘ரோலிங் கோல்’ கும்பல்கள்மீது மக்களுக்கு ஆத்திரம். ஆனால் முகமை கைவைத்தது பெரும்பாலும் அந்தக் கருவிகளைத் தயாரித்தவர்கள், விற்றவர்கள்மீது. ஓட்டுநர்களை ஒவ்வொருவராகத் துரத்துவதைவிட விற்கும் இடத்தில் அடைப்பது பலனுள்ளது என்பது என் கருத்தும்.

இந்த இரண்டு வழக்குக்கும் நடுவில் நிற்கிறது நம் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ். பெட்ரோல் வண்டி என்றால் ஐடிலிங்கில் குழாய்க்குள் கம்பியைச் செருகி கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் பார்க்கிறார்கள். டீசல் என்றால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி, புகையின் அடர்த்தியைப் பார்க்கிறார்கள். ஒலியை அளப்பதில்லை. நைட்ரஜன் ஆக்சைடையும் நுண்துகள் எண்ணிக்கையையும் அளப்பதில்லை. தெருவையே எழுப்பும் பைக்கும், வடிகட்டியைப் பிடுங்கிய காரும் செல்லுபடியாகும் சான்றோடு சட்டப்படி ‘சுத்தமாக’ ஓடலாம்.

ஆகவே என் தீர்ப்பு இது. சத்தத்தில் ஓட்டுநர் குற்றவாளி. வேண்டுமென்றே செய்கிறார், தண்டனை சரி. ஆனால் அது ஒலிமானியின் எண்ணில் நிற்க வேண்டும். ஒவ்வொரு மாடலுக்கும் நின்ற நிலை ஒலியளவைப் பதிவுச் சான்றில் அச்சிட வேண்டும். அதே எண்ணை மாசுச் சான்று மையத்திலும் சோதிக்க வேண்டும். கண்பார்வையில் பிடித்து ரோலரில் நசுக்கும் இன்றைய முறை தோல்வி. விற்பனையாளரைச் சட்டத்தின் வாசகத்துக்குள் கொண்டுவரும் திருத்தம் இல்லாமல் அது தோல்வியாகவே இருக்கும். புகையில் முதல் குற்றவாளி ரீமேப் பட்டறை, அடுத்து பராமரிக்காத வணிக வாகன உரிமையாளர், இவர்களுக்குப் பிறகே பைக் ஓட்டும் இளைஞர்.

டூப்ளிகேட் மாட்டிய தினக்கூலிக்காரரை முதல்முறை அபராதமில்லாமல் விட்டு, பதினைந்து நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். அவகாசத்துக்குள் அவர் வாங்கும்படியாக, அளவுக்குள் ஒலிக்கிற, முத்திரை பெற்ற, அசலைவிட விலை குறைந்த மாற்று சைலன்சர்கள் கடையில் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் அங்கீகார முத்திரையோடு அப்படிப்பட்டவை விற்கின்றன. இங்கே அவற்றைக் கொண்டுவருவது மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் வேலை. அதைச் செய்யும் வரை, உணவு டெலிவரிக்கு ஓடும் ஓட்டைச் சைலன்சரையும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் டிபி கில்லரைக் கழற்றிவிட்டுப் பறப்பவரையும் ஒரே செலானில் சேர்ப்பதை நான் ஏற்க மாட்டேன்.