பயப்படத் தெரிந்த பூதங்கள்

நிலவறையின் மூன்றாவது கதவு திறந்தது. உள்ளே எட்டு கோப்ளின்கள், குட்டிப் பூதங்கள். மேசையைச் சுற்றி இருந்த ஐந்து பேரும் இருபது பக்கப் பகடையைக் கையில் எடுத்துவிட்டார்கள். சண்டைதான் என்று முடிவு கட்டியாகிவிட்டது. நடுவராக இருந்த நான் அதற்கு முன் சாதாரண ஆறுபக்கப் பகடை இரண்டை எடுத்து உருட்டினேன். ஐந்தும் நான்கும் விழுந்தன. ஒன்பது. "முன்னால் நிற்கும் கோப்ளின் ஈட்டியைத் தாழ்த்துகிறது. அதன் கண் உங்கள் ரொட்டிப் பையின் மேல் இருக்கிறது" என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், "சரி, பாதி ரொட்டியைப் பிய்த்து நீட்டுகிறேன்" என்றார். அந்தப் பாதி ரொட்டிக்கு ஒரு செய்தி கிடைத்தது: பக்கத்துக் குகையில் ஓகர் என்ற பெரும்பூதம் ஒன்று இருக்கிறது, காசு கொடுத்தால் யார் பக்கம் வேண்டுமானாலும் வந்து நிற்கும்.

இப்படி நடக்க வேண்டும் என்று நான் முன்கூட்டி எழுதி வைத்திருக்கவில்லை. 1981இல் டாம் மோல்ட்வே தொகுத்த 64 பக்கப் புத்தகம் ஒன்றில் இருக்கும் ஒரு சின்ன அட்டவணை இதைச் செய்தது. பழைய பாணி மேசைக் கதையாட்டங்களுக்கு நல்ல விதிநூல்கள் எத்தனையோ உண்டு. பலவற்றை ஆடியிருக்கிறேன், சிலவற்றை வாசிப்பதற்காகவே வைத்திருக்கிறேன். ஆனாலும் ஒன்றே ஒன்றைச் சொல் என்றால் மோல்ட்வேயின் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பேசிக்' நூலைத்தான் சொல்வேன். எதிரில் நிற்கும் பூதத்துக்கும் உயிர்மேல் ஆசை உண்டு, அதற்கும் பசிக்கும், அதுவும் பயப்படும் என்று எண்களால் ஒப்புக்கொள்கிற நூல் அது.

ஆட்டத்தை அறியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒருவர் நடுவர். இடத்தை வருணிப்பவர் அவர். அங்கே உள்ள உயிர்கள் எல்லாம் அவர் குரலில்தான் பேசும். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, "நான் இதைச் செய்கிறேன்" என்று வாயால் சொல்வார்கள். முடிவு உறுதியில்லாத இடத்தில் பகடை பேசும். பலகை கிடையாது, காய் கட்டாயமில்லை, வென்றவர் தோற்றவர் என்ற கணக்கும் இல்லை.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முதலில் அச்சேறியது 1974இல். அமெரிக்காவின் இரட்டை நகரங்களான மினியாபொலிஸ், செயின்ட் பால் பகுதியில் டேவ் ஆர்னெசன் தன் நண்பர்களோடு 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டில் ஆடிக்கொண்டிருந்தார். விஸ்கான்சினின் லேக் ஜெனிவா என்ற சிற்றூரில் கேரி கைகாக்ஸ் இடைக்காலப் போர் ஆட்டத்துக்கு விதி எழுதியவர். இருவரும் சேர்ந்து உண்டாக்கியதை கைகாக்ஸின் டி.எஸ்.ஆர். நிறுவனம் மரக்கோடு போட்ட பெட்டியில், மூன்று சிறு புத்தகங்களாக, முதல் பதிப்பாக 1000 பிரதி வெளியிட்டது. அந்த மூன்றையும் இன்று எடுத்துப் படித்தால் மலைப்பாக இருக்கும். ஓர் உலகமே உள்ளே இருக்கிறது; ஆனால் வாசலைக் காணோம். போர் ஆட்டம் ஆடிப் பழகியவர்களுக்கு மட்டுமே புரியும்படி எழுதியிருந்தார்கள். 1977இல் எரிக் ஹோம்ஸ் என்ற நரம்பியல் பேராசிரியர் புதியவர்களுக்காக அதை ஒழுங்குபடுத்தினார். அதே சமயம் கைகாக்ஸ் 'அட்வான்ஸ்ட்' வரிசையை எழுதத் தொடங்கி, 1979இல் நடுவர் கையேட்டோடு முடித்தார். அந்தக் கையேடு ஒரு தனி இன்பம். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஏதாவது ஒரு விசித்திரம் கண்ணில் படும். ஆனால் ஆடும்போது அதைப் புரட்டிக்கொண்டிருந்தால் மேசை ஆறிப்போகும்.

மோல்ட்வேயின் நூல் நேர்மாறானது. எரோல் ஓட்டஸ் வரைந்த சிவப்பு அட்டை, கோப்பில் மாட்டிக்கொள்ள மூன்று துளை போட்ட தாள்கள், பெட்டியில் பகடைகளோடு ஒரு மெழுகுக் கட்டி. பகடையில் எண்கள் வெறும் பள்ளமாக இருக்கும். மெழுகைத் தேய்த்து நாமே எண்ணுக்கு நிறமேற்ற வேண்டும். கதாபாத்திரம் அனுபவத்தால் ஏறும் படிநிலைகளில் முதல் மூன்றுக்கு இந்த நூல். நான்கிலிருந்து பதினான்கு வரைக்கும், டேவிட் குக் ஸ்டீவ் மார்ஷோடு சேர்ந்து தொகுத்த நீல அட்டை 'எக்ஸ்பர்ட்' நூல். இரண்டும் சேர்ந்தாலும் 128 பக்கம்தான். அதற்குள் நிலவறை, காடு, கடல், கோட்டை கட்டுவது வரை வந்துவிடுகிறது.

இனி அந்த அட்டவணைக்கு வருகிறேன். ஏதாவது ஓர் உயிர் எதிர்ப்படும்போது அது என்ன செய்யும் என்று நடுவருக்கே தெரியாவிட்டால் இரண்டு ஆறுபக்கப் பகடை. 2 விழுந்தால் உடனே பாயும். 3 முதல் 5 வரை பகை, பாயலாம். 6 முதல் 8 வரை தயக்கம். 9 முதல் 11 வரை தாக்காது. விலகிப் போகும், அல்லது பேச்சுக்குக் காது கொடுக்கும். 12 என்றால் நட்பு. இதில் கணக்கின் அழகைப் பாருங்கள். இரண்டு பகடையில் 36 விதமாக விழலாம். அவற்றில் 16 தயக்கத்துக்குப் போகின்றன. பகைக்கு 9, பேச்சுக்கும் 9. கண்மூடிப் பாய்வதற்கு ஒன்றே ஒன்று, நட்புக்கும் ஒன்றே ஒன்று. தராசின் இரு தட்டும் சமம். முன்பின் தெரியாத ஆட்கள் விளக்கோடு வீட்டுக்குள் நுழைந்தால் யாரும் முதலில் செய்வது திகைத்து நிற்பதுதானே? உலகின் இயல்பு என்று மோல்ட்வே கருதியது அந்தத் திகைப்பைத்தான்.

கதாபாத்திரத்தின் ஆறு குணங்களில் கடைசியானது கவர்ச்சி. மற்றவர்களோடு பேசும் வேலையை எவர் ஏற்கிறாரோ அவருடைய கவர்ச்சி எண் இந்த உருட்டலில் ஒன்றோ இரண்டோ கூட்டும், அல்லது குறைக்கும். தராசு இவ்வளவு சமமாக நிற்கும்போது அந்த ஒன்று பெரிய எடை. பிற விதிநூல்களில் கேட்பாரற்றுக் கிடக்கும் குணம் இங்கே வாளுக்கு நிகராகிறது.

இரண்டாவது பகடை வீச்சு சண்டைக்கு நடுவே வருகிறது. ஒவ்வோர் உயிருக்கும் 2 முதல் 12 வரை ஒரு மன உறுதி எண். கோபால்டுக்கு 6, கோப்ளினுக்கு 7, ஓர்க்குக்கு 8. எலும்புக்கூட்டுக்கு 12. தங்கள் பக்கத்தில் முதல் சாவு விழும்போதும், பாதிப் பேர் சாய்ந்தபோதும் நடுவர் இரண்டு பகடை உருட்டுவார். அந்த எண்ணைத் தாண்டினால் அவை ஓடும், அல்லது சரணடையும். கோப்ளின் கூட்டம் முதல் சாவிலேயே சிதறுவதற்கு 36இல் 15 வாய்ப்பு. எலும்புக்கூட்டுக்கு 12 என்பதன் பொருள் அது ஒருபோதும் ஓடாது என்பது. இரண்டு பகடையில் அதற்கு மேல் விழ வழியில்லை. ஒரு வரி வருணனை இல்லாமல், ஓர் எண்ணை மட்டும் வைத்து, செத்ததுக்கும் உயிருள்ளதுக்கும் வேறுபாடு காட்டிவிட்டார். தங்கள் அரசன் பக்கத்தில் நின்றால் கோப்ளினின் எண் 9 ஆகிவிடும். தலைவனை முதலில் வீழ்த்து என்று எந்த ஆட்டக்காரருக்கும் நான் சொல்லிக் கொடுத்ததில்லை. இரண்டு ஆட்டத்தில் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மன உறுதி போர் ஆட்டங்களிலிருந்து வந்த பழைய சரக்கு. மோல்ட்வே தன் நூலில் அதை விருப்ப விதி என்றே குறித்திருக்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதை எடுத்துவிட்டால் சண்டை ஒவ்வொன்றும் கடைசிக் கோப்ளின் சாகும்வரை நீளும். அப்படி ஆடிய மேசைகளில் இருந்திருக்கிறேன். கால்மணி நேரத்துக்குப் பிறகு எல்லாரும் எண்ணைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பார்கள், நிலவறையை மறந்திருப்பார்கள்.

இவ்வளவு இருந்தும், சண்டைக்குப் பரிசு கிடைத்தால் ஆட்டக்காரர்கள் சண்டையைத்தான் தேடுவார்கள். மோல்ட்வே நூலின் மூன்றாவது திருகாணி அங்கே இருக்கிறது. நிலவறையிலிருந்து வெளியே கொண்டுவரும் ஒரு பொற்காசுக்கு ஓர் அனுபவப் புள்ளி. ஒரு கோப்ளினைக் கொன்றால் ஐந்து. வீரன் ஒருவன் அடுத்த படி ஏற 2000 புள்ளி வேண்டும். வாளால் மட்டும் அதை அடைய ஒற்றையாளாக 400 கோப்ளின்களைக் கொல்ல வேண்டும். இரண்டு நல்ல பெட்டகங்களைச் சத்தமில்லாமல் தூக்கி வந்தால் வேலை முடிந்தது. ஆகவே புத்தியுள்ள மேசையில் சண்டை என்பது திட்டம் தவறியதன் அடையாளம். வீரம் என்ற சொல்லுக்கே பொருள் மாறிவிடுகிறது. உள்ளே போய், பார்த்து, பேசி, ஏமாற்றி, தேவைப்பட்டால் ஓடி, உயிரோடு திரும்புவது. ஓடுவதற்குக்கூட விதி உண்டு. துரத்துவது அறிவில்லாத விலங்கு என்றால் உணவையும், அறிவுள்ளது என்றால் பொன்னையும் கீழே போடலாம். ஆறில் மூன்று வாய்ப்பு, அது நின்றுவிடும். இங்கேயும் பூதத்துக்கு ஓர் ஆசை இருக்கிறது என்பதுதான் விதியின் அடித்தளம்.

வெளிச்சமும் எடையும் இந்தக் கணக்கை இறுக்குகின்றன. நிலவறையில் காலம் பத்து நிமிடத் துண்டுகளாக ஓடும். பந்தம் ஒன்று ஆறு துண்டு எரியும். இரண்டு துண்டுக்கு ஒருமுறை, ஆறில் ஒரு வாய்ப்பாக, ஏதாவது அலைந்து வந்து சேரும். அலைந்து வருவதன் பையில் பொன் பெரும்பாலும் இருக்காது. ஆகவே தாமதம் என்பது சுத்த நட்டம். கவசமில்லாதவர் ஒரு துண்டு நேரத்தில் 120 அடி நகர்வார். இரும்புக் கவசமும் பொன்மூட்டையுமாகத் திரும்புகிறவர் 30 அடிதான். கோப்ளின் 60 அடி. இந்த மூன்று எண்களைச் சொல்லிவிட்டு நடுவர் சும்மா இருந்தாலே போதும். "மூட்டையை இங்கேயே புதைத்துவிட்டு நாளைக்கு வரலாமா?" என்று யாராவது கேட்பார். அந்தக் கேள்வி எழும் நிமிடம்தான் எனக்கு இந்த ஆட்டத்தின் உச்சம்.

அந்தப் பெட்டியில் கைகாக்ஸ் எழுதிய 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' என்ற ஆட்டக்களமும் இருந்தது. எல்லைக் கோட்டை ஒன்று, அதற்கு அப்பால் ஒரு பள்ளத்தாக்கு. அதன் சுவர்களில் கோபால்டு, கோப்ளின், ஓர்க், ஹாப்கோப்ளின் என்று இனத்துக்கொரு குகை. கதவை உடைத்து வரிசையாகக் கொன்றுகொண்டே போகும் இடமாகவே பலர் அதை ஆடியிருக்கிறார்கள். மோல்ட்வேயின் இரண்டு பகடைகளோடு ஆடிப் பாருங்கள். யார் யாரோடு பகை, யார் யாருக்குக் கூலி கொடுக்கிறார்கள் என்று பள்ளத்தாக்கே ஓர் அரசியலாக விரியும். கட்டுரையின் தொடக்கத்தில் வந்த ஓகரும் அங்கே குடியிருப்பதுதான். கோப்ளின்கள் அதற்குப் பொன் எறிந்து உதவிக்குக் கூப்பிடும்.

மற்ற நூல்களையும் நேசிக்கிறேன். அரிசோனாவின் கென் செயின்ட் ஆண்ட்ரே 1975இல் வெளியிட்ட 'டன்னல்ஸ் அண்ட் டிரோல்ஸ்' ஆறுபக்கப் பகடைகளை மட்டும் வைத்து ஆடக்கூடியது. தனியாளாக ஆடும் கதைகளை முதலில் அச்சிட்டதும் அந்த ஆட்டத்துக்காகத்தான். உற்சாகமான ஆட்டம். ஆனால் இரு தரப்பும் பகடைகளை மொத்தமாகக் கூட்டி மோதும் முறையில் தனியொருவரின் பயம் கரைந்துவிடுகிறது.

'ரூன்குவெஸ்ட்' வேறு உயரம். 1978இல் கேயாசியம் வெளியிட்டது. ஸ்டீவ் பெரினும் அவர் கூட்டாளிகளும் எழுதினார்கள். உலகம் கிரெக் ஸ்டாஃபோர்டுடையது. கவசமணிந்து பிரம்பு வாளோடு உண்மையாகவே மோதிப் பார்க்கும் கழகத்தைத் தொடங்கியவர்களில் பெரின் ஒருவர். அடி எங்கே விழுந்தது, கையா காலா தலையா என்பதுவரை அந்த விதி கேட்கும். பயன்படுத்திய திறமைதான் வளரும். அதிலும் முழங்கால் வெட்டுப்பட்டுக் கிடக்கும்போது சரணடையத் தோன்றும், உண்மை. அந்தப் பயத்தை ஆட்டக்காரருக்குத் தந்ததில் ரூன்குவெஸ்டை மிஞ்ச ஆளில்லை. எதிரிக்கும் அதே பயத்தை இரண்டே பகடையில், அரை நிமிடத்தில் தந்தது மோல்ட்வேதான். அதனால்தான் என் கை முதலில் சிவப்பு அட்டையை நோக்கிப் போகிறது.

அதில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். திருடன் என்ற வகுப்பைப் பாருங்கள். சுவர் ஏற 87 விழுக்காடு, சரி. பூட்டுத் திறக்க 15, பொறி கண்டுபிடிக்க 10. தன் தொழிலிலேயே பத்தில் ஒன்பது முறை தோற்பவனை நம்பி யார் பெட்டியைத் திறப்பார்கள்? நூலில் வரும் மாதிரி ஆட்டத்திலேயே பிளாக் டூகல் என்ற திருடன் பெட்டியில் இருந்த நச்சு ஊசியால் விழுகிறான். பொறியைப் பற்றி ஆட்டக்காரர் சரியான கேள்வி கேட்டால் பகடையே வேண்டாம் என்று என் மேசையில் வைத்திருக்கிறேன். மந்திரவாதி நாளுக்கு ஒரே மந்திரத்தோடு தொடங்குவதை மட்டும் மாற்றியதில்லை. அந்த ஒன்றை எப்போது செலவழிப்பது என்று அவர் தவிக்கும் தவிப்பு விலைமதிப்பில்லாதது.

மோல்ட்வே 2007இல் மறைந்தார். அவர் நூல் அச்சிலிருந்து போய் வெகுகாலம் ஆகியிருந்தது. 2019இல் கேவின் நார்மன் 'ஓல்ட்-ஸ்கூல் எஸென்ஷியல்ஸ்' என்ற பெயரில் அதே விதிகளை, ஏறக்குறைய ஓர் எண்ணும் மாறாமல், தேடியது உடனே கண்ணில் படும்படி அடுக்கி வெளியிட்டார். சுருக்கமான நடை; மோல்ட்வேயின் பரிவான குரல் அதில் இல்லை. ஆனால் ஆடும் மேசையில் எளிதாகப் புரட்ட அதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியாது.

அதன் அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நண்பர்கள் மூன்று பேரைக் கூட்டுங்கள். வீட்டில் இருக்கும் பிசினஸ் ஆட்டப் பெட்டியிலிருந்து இரண்டு பகடையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கோப்ளின் என்ன நினைக்கிறது என்று கேட்க அவை போதும். வாளை உருவுவதற்கு முன் அதைக் கேளுங்கள்.