லேப்டாப்போடு வருகிறவரும் ஜமைக்கா கின்கெய்டும்

போன மாதம் ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டு மூடி வைத்தேன். கரீபியனில் ஆன்டிகுவா-பார்புடா என்று ஒரு குட்டி நாடு. 2020-ல் கொரோனாவால் ஓட்டல்கள் காலியாகக் கிடந்தபோது அந்த அரசு 'நோமாட் டிஜிட்டல் ரெசிடென்ஸ்' என்று ஒரு விசாவை அறிவித்தது. வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்த்துக்கொண்டே இரண்டு வருஷம் அங்கே குடியிருக்கலாம். தனி ஆளுக்குக் கட்டணம் 1,500 அமெரிக்க டாலர். வருஷ வருமானம் 50,000 டாலர் இருக்கணும், மருத்துவக் காப்பீடு இருக்கணும்.

எனக்கு ஆசை வந்ததற்குக் காரணம் கடற்கரை இல்லைங்க, தூக்கம். நான் வேலை பார்ப்பது நியூயார்க் நேரத்துக்கு. சென்னையில் அது சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பித்து விடியக்காலை வரைக்கும் போகும். ஆன்டிகுவா நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். கோடையில் அங்கேயும் நியூயார்க்கிலும் கடிகாரம் ஒன்றுதான். பகலில் வேலை, ராத்திரியில் தூக்கம். மனுஷனுக்கு வேறென்ன வேணும்?

நண்பர் ஒருவர் மட்டும், "போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடு" என்று ஒரு சின்னப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். ஜமைக்கா கின்கெய்ட் 1988-ல் எழுதிய 'எ ஸ்மால் பிளேஸ்'. நூறு பக்கம்கூட வராது. ஒரே ராத்திரியில் முடித்தேன். அதன்பிறகுதான் படிவம் பாதியில் நின்றது.

கின்கெய்ட் 1949-ல் ஆன்டிகுவாவில் பிறந்தவர். புத்தகத்தின் முதல் பகுதி முழுக்க, விமானத்திலிருந்து இறங்கும் சுற்றுலாப் பயணியைப் பார்த்து முன்னிலையில் பேசுகிறார். மழை இல்லாத ஊர் என்று நீ சந்தோஷப்படுகிறாய், இங்கே இருப்பவர்களுக்கு அதன் பெயர் வறட்சி. உள்ளூர்ச் சாப்பாடு என்று நீ ருசிப்பது மயாமியிலிருந்து விமானத்தில் வந்தது. நீ குளிக்கும் கடலில்தான் உன் கழிவும் கலக்கிறதோ என்னவோ, ஏனென்றால் ஊரில் முறையான கழிவுநீர் அமைப்பு கிடையாது. இப்படி ஒவ்வொரு சுகத்துக்கும் பின்னால் இருப்பதை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டே போகிறார். குரலில் கத்தல் இல்லை. பணிவாகப் பேசுகிற மாதிரியே குத்துகிறார்.

இதை மனசுக்குள் தமிழில் மாற்றிப் பார்த்தால் ஒரு சிக்கல் வருகிறது. ஆங்கிலத்தின் 'யூ' என்பதை இங்கே எப்படிச் சொல்வது? 'நீ' என்றால் வெறும் வசவாகிவிடும். 'நீங்கள்' என்றால் ஓட்டல் வரவேற்பறைக் குரல் வந்துவிடும். மேலே நான் 'நீ' என்றே எழுதியிருக்கிறேன், ஆனால் 'நீங்கள்'தான் சரி என்று இப்போது படுகிறது. விருந்தாளிக்குக் காட்டும் மரியாதையின் உள்ளேயே கோபத்தை வைத்திருப்பதுதான் இந்தப் புத்தகத்தின் பலம். காலம்பூரா வெள்ளைக்காரர்களுக்குப் பரிமாறிய ஒரு ஊர், அதே பரிமாறும் தொனியில் கணக்கு கேட்கிறது.

அந்த 'நீங்கள்' யார் என்பதையும் அவர் மறைக்கவில்லை. வட அமெரிக்கரோ ஐரோப்பியரோ, பச்சையாகச் சொன்னால் வெள்ளைக்காரர். இதைப் படித்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்ததை ஒத்துக்கொள்கிறேன். அப்பாடா, நாம இல்லை! அண்ணா மேம்பாலத்துப் பக்கம் அமெரிக்கத் தூதரக வரிசையில் ஃபைலோடு நின்றவன் நான். ஆன்டிகுவாக்காரருக்கும் அமெரிக்கா போக விசா வேணும். அப்போ நானும் அவர்கள் பக்கம்தானே?

அந்த நிம்மதி கொஞ்ச நேரம்தான். சிரியா, லெபனானிலிருந்து வந்து வியாபாரத்தில் காசு சேர்த்துக் கட்டடங்களை வாங்கியவர்கள் மீதும் புத்தகத்தில் அதே கோபம் இருக்கிறது. அதில் நியாயம் எவ்வளவு, வந்தேறி மீதான எரிச்சல் எவ்வளவு என்று தனியாகவே விவாதிக்கலாம். ஆனால் ஒன்று தெளிவு. வெள்ளைத் தோல் இல்லாததால் மட்டும் இந்த விசாரணையிலிருந்து யாரும் தப்ப முடியாது.

சரி, லேப்டாப்போடு இரண்டு வருஷம் குடியிருக்கப் போகிறவனுக்கு இந்தப் புத்தகம் பொருந்துமா? பாதி பொருந்தாது என்றுதான் சொல்வேன். கின்கெய்டின் பயணி தன் ஊரின் சலிப்பை விட்டுவிட்டு, இன்னொருவரின் சலிப்பான ஊரில் இன்பம் தேடுகிறவர். ரிமோட் வேலைக்காரர் தன் சலிப்பையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறார். காலை மீட்டிங், டெட்லைன், மேனேஜர் முகம், எல்லாம் கூடவே வரும். அறியாமையும் ரொம்ப நாள் நிற்காது. ஆன்டிகுவாவில் குடிநீரில் பெரும்பகுதி கடல்நீரைச் சுத்திகரித்து வருவது. குழாய் வற்றும் நாளில் வாடகை வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தாலே வறட்சி என்றால் என்ன என்று புரிந்துவிடும்.

மீதிப் பாதி முன்பைவிட இறுக்கமாகப் பொருந்துகிறது. புத்தகத்தின் அடிநாதம் அறியாமை பற்றியது இல்லை என்று இரண்டாம் வாசிப்பில் தோன்றியது. கிளம்பிப் போக முடிகிறவர் யார், முடியாதவர் யார் என்பதுதான் அதன் கேள்வி. எல்லா ஊர்க்காரருக்கும் கொஞ்ச நாள் வேறெங்காவது போகணும் என்று இருக்கும், ஏழைகளால் மட்டும் முடியாது என்கிறார் கின்கெய்ட். இந்தக் கண்ணோடு விசா நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். 50,000 டாலர் என்பது கிழக்குக் கரீபிய டாலரில் 1,35,000. அந்த வருமானம் தீவுக்கு வெளியிலிருந்துதான் வரணும். உள்ளூரில் வேலை தேடக் கூடாது. வேலையும் முதலாளியும் வெளியே, உடம்பு மட்டும் உள்ளே. பக்கத்து பார்படோஸ் அதே 2020-ல் அறிவித்த 'வெல்கம் ஸ்டாம்ப்' ஒரு படி மேலே போனது. வருகிறவருக்கு அங்கே வருமான வரி கிடையாது, பக்கத்து வீட்டு பார்படோஸ்காரருக்கு உண்டு. ஆன்டிகுவா 2016-ல் தனிநபர் வருமான வரியையே எல்லோருக்கும் எடுத்துவிட்டது. விற்பனை வரி இருக்கிறது. ஓட்டலில் அறை சுத்தம் செய்கிறவரும் நானும் சோப்புக்குக் கட்டும் வரி விகிதம் ஒன்றுதான்.

மருத்துவக் காப்பீட்டு நிபந்தனையும் புத்தகத்துக்குள் கொண்டுபோய் விட்டது. சுகாதார அமைச்சருக்கே உடம்பு சரியில்லை என்றால் நியூயார்க்குக்கு விமானம் ஏறுவார் என்று கின்கெய்ட் எழுதுகிறார். உள்ளூர் ஆஸ்பத்திரியை நம்பியிருக்கத் தேவையில்லாதவர்தான் அங்கே பெரிய மனுஷர். விசா என்னிடமும் அந்தத் தகுதியைத்தான் கேட்கிறது.

புத்தகத்தில் எனக்கு ஒத்துவராத இடம் மூன்றாம் பகுதி. 1974 நிலநடுக்கத்தில் தலைநகர் செயின்ட் ஜான்ஸின் நூலகம் சேதமடைந்தது. பழுதுபார்க்கப்படும் என்ற அறிவிப்புப் பலகை வருஷக்கணக்கில் தொங்குகிறது, புத்தகங்கள் ஒரு கடைக்கு மேலே தற்காலிக இடத்தில் தூசி படிந்து கிடக்கின்றன. அந்தப் பக்கங்களின் வலி உண்மையானது. புது நூலகம் திறந்தது 2014-ல், நாற்பது வருஷம் கழித்து! ஆனால் அங்கிருந்து நழுவி, சின்ன ஊர்க்காரர்களுக்குக் காலத்தைப் பற்றியும் காரண காரியத்தைப் பற்றியும் சரியான பிடி கிடையாது என்கிற மாதிரி பொதுவாகப் பேச ஆரம்பிக்கிறார். பயணியைத் திட்டும்போது இருந்த துல்லியம் இங்கே இல்லை. சம்பளம், வாடகை, சங்கம், தேர்தல் என்று தினமும் கணக்குப் போட்டு வாழும் ஆன்டிகுவாக்காரரின் வேலைநாளை இந்தப் புத்தகத்தில் நான் தேடித்தான் பார்த்தேன், கிடைக்கவில்லை. பரிமாறுகிறவரின் கோபம் இருக்கிறது, அவருடைய ஷிப்ட் நேரம் இல்லை.

இதைச் சொல்லும்போதே கின்கெய்டின் சொந்தப் பாதையும் ஞாபகத்துக்கு வருகிறது. பதின்ம வயதில், 1960-களின் நடுவில், நியூயார்க் பக்கத்தில் ஒரு வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காக அவர் தீவை விட்டுப் போனார். வேலை இருந்த இடத்துக்கு உடம்பும் போக வேண்டியிருந்தது. நான் அதே நியூயார்க்கின் வேலையைக் கையில் தூக்கிக்கொண்டு அவர் விட்டுப்போன ஊருக்குக் குடிபோக யோசிக்கிறேன். குழந்தையை ரிமோட்டில் பார்த்துக்கொள்ள முடியாது, அறையை ரிமோட்டில் கூட்ட முடியாது. அந்த வேலைகளைச் செய்கிறவர்களுக்கு இன்றைக்கும் எந்த நாடும் லேப்டாப் விசா தருவதில்லை.

தமிழில் இன்னொரு வசதி உண்டு. 'நாம்' என்றும் 'நாங்கள்' என்றும் இரண்டு சொல் இருக்கிறது. தீவுக்காரரோடு சேர்ந்து 'நாம்' என்று சொல்லலாம் என்று நினைத்துத்தான் படிக்க ஆரம்பித்தேன். முடிக்கும்போது, அவர்கள் 'நாங்கள்' என்று சொல்லும்போது வெளியே நிற்கிறவன் நான் என்று புரிந்தது. ஒரு மாசம் முன்னால் சொல்லிவிட்டு டிக்கெட் போட்டுக் கிளம்ப முடிகிற வரைக்கும் அப்படித்தான்.

படிவம் இன்னும் டிராஃப்டில்தான் இருக்கிறது. போகவே மாட்டேன் என்று வீராப்பு பேச மாட்டேன், தூக்கம் அப்படிப்பட்ட விஷயம். போனால் வீடு யாருடையது, வாடகை தீவிலேயே தங்குகிறதா, அந்த வீட்டில் முன்னால் யார் குடியிருந்தார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் சாவி வாங்குவேன். நீங்களும் இதுமாதிரி ஏதாவது விசாப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தால், கட்டணம் கட்டுவதற்கு முன்னால் இந்தப் புத்தகத்தை ஒரு தடவை படித்துவிடுங்கள். ஒரு ராத்திரி போதும்.