பின்னால் வந்த தெய்வம்

முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் 2012 செப்டம்பர் 5-ல் சுமார் 40 பேர் இறந்தபின் நானும் ஒரு கவிதை எழுதினேன். தீ, சாம்பல், கருகிய பூ எல்லாம் அதில் இருந்தன. வேறொரு விபத்தில் தப்பிய, எங்கள் திருத்தங்கல் தெரு அக்கா ஒருவருக்கு அதைப் படித்துக் காட்டினேன். இடி இடித்தால் இன்றும் வாசலுக்கு ஓடிவந்து நிற்பவர். கேட்டுவிட்டு, ‘இது யாருக்கு நடந்தது தம்பி?’ என்றார்.

இக்கேள்வி என்னைச் சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதைக்குத் திருப்பியது. மதுரை எரிந்தபின் மதுராபதித் தெய்வம், கண்ணகியின் முன்னே வரத் துணியாமல், பின்னால் வருகிறது. என் பின்னே வரும் நீ யார், என் துயரம் உனக்குத் தெரியுமா என்கிறாள் அவள். தெரியும் என்று தொடங்கித் தெய்வம் கதைகளாகச் சொல்கிறது. ஒன்று எங்கள் ஊர்க்கதை. தங்கால் வார்த்திகன் பொய்ப்பழியில் சிறைப்பட, ஐயை கோயில் கதவு அடைத்துக்கொள்கிறது. பாண்டியன் பிழை பொறுக்க வேண்டி, தங்காலையும் வயலூரையும் கொடுத்தபின் திறக்கிறது. பிறகு முற்பிறவி வினை, 14 நாள் கணக்கு.

விளக்கத்தில் குறைவில்லை. கண்ணகிதான் ஆறவில்லை. வார்த்திகன் வீடு திரும்பினான், கோவலன் திரும்பவில்லை. கொற்றவை வாசலில் வளையை உடைத்துவிட்டு, இருக்கவும் நிற்கவும் மாட்டாதவளாக நடக்கிறாள்.

மாற்றம் குன்றக் குரவையில் நிகழ்கிறது. குறவர்கள் எதையும் விளக்குவதில்லை. யார் நீங்கள் என்று மட்டும் கேட்கிறார்கள். அவள் சினமின்றி, தன் வாயால், சுருக்கமாகச் சொல்கிறாள். இளங்கோவின் மனித ஞானம் தெய்வத்தின் நீண்ட பேச்சைவிட இந்த ஒரு கேள்வியில்தான் இருப்பதாக எனக்குப் படுகிறது.

ஜூடித் ஹெர்மன் 1992-ல் வெளியிட்ட நூலில் மனவடு ஆறுவதை மூன்று கட்டமாகக் கண்டார்: பாதுகாப்பு, நினைவுகூர்ந்து துக்கித்தல், மனிதரோடு மறுபடி சேர்தல். குன்றத்தில் நிகழ்வது இரண்டாவதின் தொடக்கம். முதலாவது? கண்ணகி மதுரைக்குத் திரும்ப வேண்டியதில்லை. அக்கா நாளைக் காலை மருந்து செலுத்தும் அறைக்கே திரும்பவேண்டும். நம் விமர்சனம் இதைக் கணக்கில் எடுக்காமல் ‘சொன்னால் ஆறும்’ என்று பேசினால் அதுவும் பின்னால் வந்த தெய்வத்தின் பேச்சே.

என் கவிதையும் அவ்வகை. தெரியும் என்று தொடங்கியது. அதைத் தொகுப்பில் சேர்க்கவில்லை. சென்ற வாரம் அக்காவிடம், அன்று என்ன நடந்தது என்று கேட்டேன். ‘உட்காரு தம்பி’ என்றார். விபத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கூலியைப் பற்றிச் சொன்னார்.