சீனச்சட்டியில் ஒரு கோழிக்கறி

வறுக்கும் இரும்புச் சட்டியைச் 'சீனச்சட்டி' என்று நம் பாட்டிமார் அழைத்துவந்ததையும், 1015-ஆம் ஆண்டிலேயே தஞ்சைச் சோழரின் தூதுகோஷ்டி சீன ராஜசபையை அடைந்ததையும் சேர்த்து நினைக்கையில், அந்தச் சட்டியில் ஒருநாளாவது சீன பாணியில் கோழி சமைக்காமலிருப்பது நன்றிகெட்ட காரியமென்றே எனக்குத் தோன்றுகிறது.

தோல் நீக்கிய நெஞ்சுக்கறியை நாருக்குக் குறுக்கே சிறுதுண்டுகளாக நறுக்கி, முட்டை வெள்ளைக்கருவும் சோளமாவும் சிறிது சோயா சாஸும் பிசறிக் கால்மணி நேரம் வைத்துவிட்டால், எண்ணெயில் முக்கிப் பொரிக்கும் அவசியமின்றி, இரண்டே கரண்டி கடலை எண்ணெயில் அது மிருதுவாக வெந்துவிடும். சட்டியில் புகை எழுமுன் கறியைக் கொட்டும் அவசரக்காரர்கள் (நானும் வெகுகாலம் அந்த ஜாதிதான்) அது நீர்விட்டு வேகும் அவலத்தைக் காண நேரிடும்.

பிறகு வரமிளகாய், இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள். எல்லாம் சில நிமிஷ வேலை.

சீசுவான்காரர்கள் தங்கள் குங்பாவ் கோழிக்கு வேர்க்கடலைதான் போடுகிறார்கள்; ஆனால் தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை செல்லும் சாலையில், ஆதனக்கோட்டையில் ஓட்டோடு வறுத்து உடைத்து விற்கும் முந்திரி, அங்கங்கே கருகிய அந்தப் புகைவாசனையுடன், இதற்கென்றே பிறந்ததுபோலிருக்கிறது. அதை இறக்கும் தருணத்தில் தூவுங்கள்; முந்தினால் நமுத்துவிடும்.

பக்கத்தில் ஆவி பறக்கும் பொன்னிச் சோறு இருக்கட்டும். ரசத்தை அன்றைக்கு மட்டும் மறந்துவிடுங்கள்.